கிழவரும் குதிரையும்

ஆபீஸ் போவதற்கு முன் குதிரை ஏறிய ஒரு ஜப்பானிய கம்பெனி அதிகாரி, 71 வயதில் ஒலிம்பிக் களத்தில் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக் காத்திருப்பும், ஒரு பெட்டைக்குதிரையின் கால் நரம்பும் இருந்தன.

லண்டன் கிரீனிச் பூங்கா, 2012 ஆகஸ்ட் முதல் வாரம். மணல் பரப்பிய நீள்சதுரக் களத்துக்குள் செந்நிறக் குதிரை ஒன்று நுழைந்தது. மேலே வால் வைத்த கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் வெள்ளைக் கால்சராயுமாக ஓர் ஒல்லியான மனிதர். களத்தின் நட்ட நடுவில் குதிரை நின்றது. காது மட்டும்தான் அசைந்தது. அவர் தொப்பியை எடுத்தபோது வெளிப்பட்டது நரைத்த தலை. பார்வையாளர் வரிசையில் கைதட்டல் எழுந்தது. ஆனால் அடக்கமாக. இந்த விளையாட்டில் ஓங்கிக் கைதட்டினால் குதிரை மிரளும்.

ஹிரோஷி ஹோகெட்சுவுக்கு அப்போது வயது 71. லண்டன் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட பத்தாயிரத்துச் சொச்சம் பேரில் அவரைவிட மூத்தவர் யாரும் இல்லை. 1920ல் 72 வயதில் துப்பாக்கி சுட்டுப் பதக்கம் வென்ற ஸ்வீடன்காரர் ஆஸ்கார் ஸ்வானுக்குப் பிறகு இத்தனை வயதில் ஒலிம்பிக்கில் இறங்கியவர்கள் வெகு சிலரே. ஜப்பானியப் பத்திரிகைகள் அவரை 'முதியவர்களின் நம்பிக்கை' என்று செல்லமாக அழைத்தன. அவரைச் சுமந்த விஸ்பருக்கு வயது 15. குதிரைக் கணக்கில் அதுவும் இளமை அல்ல.

விஸ்பர் என்றால் கிசுகிசுப்பு. இந்த விளையாட்டில் குதிரைக்கு வைக்க அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஏறியிருப்பவர் என்ன சொல்கிறார் என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் டிரெஸ்ஸாஜின் முதல் விதி.

தமிழில் இதற்கு இன்னும் நிலையான சொல் அமையவில்லை. சில நாளிதழ்கள் 'குதிரை நடனம்' என்று எழுதிவிடுகின்றன. கல்யாண வீட்டு வாசலில் மேளத்துக்கு ஆடும் குதிரைதான் அப்போது ஞாபகம் வரும். இது அதுவல்ல. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட களம். ஓரங்களில் ஆங்கில எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தருகே நடை மாற வேண்டும், எங்கே வட்டமிட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டது. உச்சகட்டமான 'கிராண்ட் பிரி' சுற்றில் முப்பதுக்கும் மேற்பட்ட அசைவுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறார்கள். கூட்டிச் சதவீதமாக்குகிறார்கள். 70 சதவீதம் என்பது பெரிய மனிதர்கள் வீட்டு வாசற்படி. 80 எடுப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அசைவுகள் ஒன்றும் சாமானியமல்ல. 'பியாஃப்' என்பது நின்ற இடத்திலேயே ஓட்டம்: குதிரை முன்னே போகாமல், மூலைவிட்டக் கால்களை ஜோடி ஜோடியாகத் தூக்கி வைக்க வேண்டும். 'பாஸாஜ்' அதே ஓட்டத்தை மெதுவாக்கி, ஒவ்வொரு அடியிலும் ஒரு கணம் அந்தரத்தில் தொங்கவிட்டதுபோல முன்னேறுவது. மயூரகதி, வானரகதி என்றெல்லாம் குதிரை நடைக்குப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். பாஸாஜைப் பார்த்திருந்தால் மயூரகதி என்றே சொல்லியிருப்பார்கள். பிறகு, பாய்ச்சலில் ஒவ்வோர் அடிக்கும் முன்னணிக் காலை மாற்றுவது. பதினைந்து முறை தொடர்ந்து. குழந்தைகள் தெருவில் குதித்துக்கொண்டு போவது போலிருக்கும். 600 கிலோ எடையுள்ள குழந்தை.

இத்தனைக்கும் கட்டளை வாயால் வருவதில்லை. போட்டியில் வாய் திறந்து குதிரையோடு பேசினால் மதிப்பெண் போகும். இடுப்பின் ஒரு சிறு அழுத்தம், கெண்டைக்காலின் தொடல், விரல் நுனியில் கடிவாள வாரின் இறுக்கம், அவ்வளவுதான். ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணி குதிரை. முதுகில் இருப்பவரின் பயம், சலிப்பு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாமே சேணத்தின் வழியாக அதற்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று குதிரைக்காரர்கள் நம்புகிறார்கள். ஆகவே ஒரு குதிரையும் ஒரு மனிதரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஆண்டுக்கணக்கில் ஆகிறது. புரிந்துகொண்ட பிறகு இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிடுகிறது. டிரெஸ்ஸாஜின் சோகமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இது ராணுவ அதிகாரிகளின் சொத்து. 1912ல் ஒலிம்பிக்கில் நுழைந்த டிரெஸ்ஸாஜில் 1948 வரை கமிஷன் பெற்ற அதிகாரிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். சிப்பாய்க்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, சாதாரணக் குடிமகனுக்கும் இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் அணி தங்கம் வென்றது. அதிலிருந்த கெனால் பெர்சன் உண்மையில் அதிகாரி அல்ல. போட்டிக்காக லெப்டினன்ட் ஆக்கப்பட்டு, போட்டி முடிந்ததும் பழைய பதவிக்கே இறக்கப்பட்டவர் என்பது தெரியவந்தது. 1949ல் அணியின் தங்கம் பறிக்கப்பட்டு, பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது. குதிரைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த அசட்டு விதி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஒழிந்தது. கதவு திறந்ததும் உள்ளே வந்தவர்களில் ஒருவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல். இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே உணர்விழந்தவர். குதிரையில் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். ஜூபிலி என்ற தன் பெட்டைக்குதிரைக்குக் கால் அழுத்தத்துக்குப் பதில் இடுப்பு, முதுகு அசைவுகளையே மொழியாகக் கற்றுக்கொடுத்தார். அதிகாரிகளோடு மோதி வெள்ளி வென்றார். 1956ல் அதே குதிரையோடு இன்னொரு வெள்ளி. பெண்ணும் ஆணும் வயது வித்தியாசமும் இல்லாமல் ஒரே களத்தில் மோதும் ஒலிம்பிக் விளையாட்டு குதிரையேற்றம் மட்டுமே என்று இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பெருமை ஹார்டெல் வாங்கிக்கொடுத்தது.

ஹோகெட்சுவின் கதை 1964ல் தொடங்குகிறது. டோக்கியோவில் ஒலிம்பிக். 23 வயது இளைஞர் சொந்த ஊரில், தடை தாண்டும் குதிரைப் போட்டியில் இறங்கினார். கிடைத்தது 40வது இடம். விளையாட்டு பிழைப்பு தராது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். ஜப்பான் திரும்பி வேலையில் சேர்ந்தார். பன்னாட்டு மருந்து நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சனின் ஜப்பானியக் கிளை நிறுவனம் ஒன்றின் தலைவர் வரை உயர்ந்தார்.

ஜப்பானிய கம்பெனி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது ஊரறிந்தது. நேரத்துக்கு ஆபீஸிலிருந்து கிளம்புவதே அங்கே துரோகம். ஹோகெட்சு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஊர் விழிப்பதற்கு முன் லாயத்துக்குப் போய், குதிரை ஏறி, குளித்து, டை கட்டி, ஆபீஸ். மழையோ பனியோ இந்த நடைமுறை பல ஆண்டுகள் நீடித்தது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் 'நேசிப்பவர்' என்றுதான் பொருள். நம் ஊரில் அது 'அரைகுறை' என்ற பொருளில் புழங்குவது ஹோகெட்சு போன்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நடுவில் கண் மாறியது. தூரப்பார்வைக் கோளாறால் நெருங்கி வரும் தடை சரியாகத் தெரியவில்லை. தடை தாண்டுவதில் அரை அடி கணக்குத் தப்பினால் கழுத்து முறியும். வேறு யாராக இருந்தாலும் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்திருப்பார்கள். அவர் டிரெஸ்ஸாஜுக்கு மாறினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் அணியில் அவர் மாற்று ஆள். களம் இறங்கும் வாய்ப்பு வரவில்லை. 1988 சோல் ஒலிம்பிக்குக்கு முறைப்படி தேர்வானார். ஜப்பானிலிருந்து கொரியா கூப்பிடு தூரம். ஆனால் நோய்த் தடுப்புச் சோதனையில் குதிரைக்கு அனுமதி கிடைக்கவில்லை. 24 ஆண்டுகள் காத்திருந்த மனிதர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

குதிரையேற்றத்தின் பாதி வரலாறு இந்தச் சுங்கச்சாவடிகளில்தான் நடந்திருக்கிறது. 1956 ஒலிம்பிக் மெல்போர்னில் நடந்தது. குதிரைப் போட்டிகள் மட்டும் பூமியின் மறுகோடியில், ஸ்டாக்ஹோமில். ஆஸ்திரேலியாவின் கால்நடைச் சட்டம் வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விடவில்லை. 2008ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைகள் அதே காரணத்துக்காக ஹாங்காங் போயின. பாஸ்போர்ட், தடுப்பூசிப் பட்டியல், ரத்தப் பரிசோதனை, தனிமைக் கொட்டில் எல்லாம் முடிந்து விமானத்தில் ஏறும் குதிரைக்கு மனிதப் பயணிகளைவிட அதிகக் காகிதம்.

2003ல், 62 வயதில், ஹோகெட்சு ஓய்வு பெற்றார். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் அவர் செய்த காரியம், மனைவியை ஜப்பானில் விட்டுவிட்டு ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. போய் இறங்கிய இடம் ஆகென். பேரரசர் ஷார்லமேன் அடக்கமாகியிருக்கும் பழைய நகரம். குதிரைக்காரர்களுக்கு அது வேறு வகையில் புண்ணியத்தலம். உலகின் மிகப் பெரிய குதிரைத் திருவிழா ஆண்டுதோறும் அங்கே நடக்கிறது. டான் டி ரிடர் என்ற டச்சுப் பயிற்சியாளரிடம் மாணவராகச் சேர்ந்தார். நேற்று வரை நூற்றுக்கணக்கானவர்களுக்கு உத்தரவு போட்டவர், இன்று தன்னைவிட வயதில் சிறிய குருவிடம் முதுகை நிமிர்த்தி உட்காரக் கற்றுக்கொண்டார்.

மனைவி இதை எப்படி ஏற்றுக்கொண்டார் என்பது பேட்டிகளில் அவரிடம் தவறாமல் கேட்கப்பட்ட கேள்வி. கணவரும் மனைவியும் ஆண்டில் சில முறை மட்டுமே சந்தித்துக்கொண்டார்கள். ஒலிம்பிக் வீரர்களின் பின்னால் இருக்கும் தியாகம் பற்றி எழுதும்போது பொதுவாகத் தாய்மார்களைப் பற்றியே எழுதுகிறோம். இங்கே அது நாற்பது ஆண்டு குடும்பம் நடத்திய ஒரு மூத்த பெண்மணியின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

ஜெர்மனியில் அமைந்த ஜோடிதான் விஸ்பர். 1997ல் பிறந்த ஹானோவர் இனப் பெட்டை. திறமை உண்டு, கூடவே மிரட்சியும் உண்டு. டிரெஸ்ஸாஜ் குதிரைகளில் இந்த இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. சுறுசுறுப்பும் கூர்மையும் உள்ள குதிரைதான் கால் உயர்த்தி மின்னும். அதே குதிரைதான் காற்றில் பறக்கும் காகிதத்தைப் பார்த்துத் தாவும். சமத்துக் குதிரைகள் பத்திரமாகக் களத்தைச் சுற்றி வந்து 62 சதவீதம் வாங்கிக்கொண்டு போகும்.

2008 ஹாங்காங்கில் அதுதான் நடந்தது. 67 வயது ஹோகெட்சு, 44 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஒலிம்பிக்கில். இத்தனை நீண்ட இடைவெளி விட்டு யாரும் திரும்பி வந்ததில்லை. உலகப் பத்திரிகைகளின் கேமராக்கள் அத்தனையும் அவர் மேல். களத்தின் பக்கத்தில் ராட்சத வீடியோத் திரை. விஸ்பர் அதைப் பார்த்து மிரண்டது. இறுக்கமான குதிரையிலிருந்து நல்ல பியாஃப் வராது. முதல் சுற்றோடு கதை முடிந்தது. இருபது ஆண்டுகள் முன்னால் கொட்டிலில் தவறிய வாய்ப்பு, இந்த முறை ஒரு மின்விளக்குத் திரையில் தவறியது.

இந்த வகைத் தோல்வியில் ஒரு விசேஷம் உண்டு. கோபப்பட ஆள் கிடையாது. குதிரையைத் திட்ட முடியாது. திட்டினால் அடுத்த முறை அந்த இடத்தில் இன்னும் அதிகமாக மிரளும். ஆகவே மறுநாள் காலை லாயத்துக்குப் போய், கழுத்தைத் தட்டிக்கொடுத்து, முதல் பாடமான நேர்க்கோட்டு நடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஹோகெட்சு ஆரம்பித்தார். அடுத்த ஒலிம்பிக் நான்கு ஆண்டுகள் தள்ளி. வருவதற்குள் அவருக்கு எழுபது தாண்டிவிடும்.

2011ல் வந்தது பெரிய அடி. விஸ்பரின் காலில் தசைநாண் கோளாறு.

குதிரையின் காலைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே போதும். அரை டன்னுக்கு மேற்பட்ட உடம்பை அது தாங்குவது ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரல் மேல். குளம்பு என்பது அந்த விரலின் நகம். முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்ல எதுவும் கிடையாது. எலும்பும், அதன் பின்னால் கயிறுபோல இறங்கும் தசைநாண்களும்தான். பியாஃபிலும் பாஸாஜிலும் ஒவ்வோர் அடிக்கும் இழுபட்டு விடுபடுவது அந்தக் கயிறு. அதில் இழை விட்டுவிட்டால் ரத்த ஓட்டம் குறைவான பகுதி என்பதால் ஆறுவது வாரங்களில் இல்லை, மாதங்களில். ஆறினாலும் பழைய மீள்திறன் வராமல் தழும்பாகிவிடுவது உண்டு. முதலில் கொட்டிலில் முழு ஓய்வு. பிறகு கையில் பிடித்துப் பத்து நிமிட நடை. பிறகு பதினைந்து. இடையிடையே ஸ்கேன். ஓடிப் பழகிய பிராணியை மாதக்கணக்கில் கட்டிவைப்பது, கட்டிவைப்பவருக்கும் தண்டனை. 14 வயதுக் குதிரைக்கு இப்படி வந்தால் பெரும்பாலான சொந்தக்காரர்கள் புல்வெளிக்கு அனுப்பிவிடுவார்கள். வசதி உள்ளவர்கள் வேறு குதிரை வாங்குவார்கள்.

வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள், விற்கவும் குதிரைகள் இருந்தன. இந்த விளையாட்டில் பணம் எங்கே போய் நிற்கிறது என்பதற்கு டோட்டிலாஸ் ஓர் உதாரணம். நெதர்லாந்துக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த அந்தக் கறுப்புக் குதிரை 2010ல் ஜெர்மனிக்கு விற்கப்பட்டபோது பேசப்பட்ட விலை ஒரு கோடி யூரோ. ஏறுபவர் மாறினார். பழைய மந்திரம் திரும்பி வரவில்லை. குதிரையை விலைக்கு வாங்கலாம். ஜோடியை வாங்க முடியாது என்று லாயங்களில் அப்போது பேசிக்கொண்டார்கள்.

ஹோகெட்சு காத்திருந்தார். விஸ்பர் தேறியது. லண்டனுக்குத் தகுதி பெற வேண்டிய கெடு 2012 மார்ச்சில் முடிவதாக இருந்தது. கெடுவை ஒட்டி பிரான்சில் நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில் இந்த ஜோடி வென்று, கடைசி நேரத்தில் இடத்தைப் பிடித்தது. சில வாரங்களுக்குப் பிறகு அவருக்கு 71வது பிறந்தநாள்.

இந்தியாவில் இதைப் படிப்பவர்களுக்கு ஆகென் இன்னொரு வகையில் சம்பந்தமுள்ள ஊர். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய டிரெஸ்ஸாஜ் அணி தங்கம் வென்றது. சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் விபுல் சேடா, அனுஷ் அகர்வாலா என்ற நான்கு இளைஞர்கள். முதல் மூவர் மதிப்பெண் சேர்ந்து 209.205. சீனாவும் ஹாங்காங்கும் பின்னால். 1982 டெல்லிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம். அந்தத் தங்கத்தைச் சுமந்த சின்ஸ்கி, அட்ரினலின் ஃபிர்ஃபோட், கெம்எக்ஸ்ப்ரோ எமரால்ட், எட்ரோ என்ற நான்கு குதிரைகளும் ஐரோப்பாவில் பழக்கப்பட்டவை. ஆகெனில் தனிமைக் கொட்டிலில் இருந்துவிட்டுத்தான் சீனாவுக்கு விமானம் ஏறின.

காரணம் எளிது. இந்தியாவில் வளரும் குதிரை வெளிநாட்டுப் போட்டிக்குப் போவது, சோலில் ஹோகெட்சு குதிரைக்கு நேர்ந்ததைவிடக் கடினம். இங்குள்ள குதிரை நோய் நிலவரத்தைக் காட்டிப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆகவே டிரெஸ்ஸாஜில் மேலே போக விரும்பும் இந்தியப் பிள்ளை குதிரையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. குதிரை இருக்கும் இடத்துக்குத் தான் போக வேண்டும். கொல்கத்தாவில் பிறந்த அகர்வாலா 17 வயதில் ஜெர்மனி போனது இதனால்தான். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹூபர்டஸ் ஷ்மிட் அவருடைய பயிற்சியாளர். மீரட் கன்டோன்மென்டில் ராணுவத்தின் கால்நடை மையத்தில் அமைந்த நோயற்ற குதிரை வளாகம் 2025 ஜூலையில்தான் உலக கால்நடைச் சுகாதார அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. அதன் பலன் பயிற்சிக் களங்களை எட்ட நாளாகும். அதுவரை பெற்றோரின் பணப்பைதான் தேர்வுக் குழு என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ஹாங்சோவிலேயே ஏற்றமும் இறக்கமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தங்கம் வென்ற இரண்டாம் நாள் தனிநபர் இறுதிச் சுற்று. சேடாவின் குதிரை காலில் ரத்தம் தெரிந்ததால் அவர் நீக்கப்பட்டார். விதி அப்படி, காரணம் கேட்கப்படுவதில்லை. ஒரு சிறு கீறல் போதும். அதே சுற்றில் அகர்வாலாவுக்கு எட்ரோ மேல் 73.030, வெண்கலம். டிரெஸ்ஸாஜில் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியர் என்ற பெயரும் அவருக்கே. ஆனால் 2024 பாரிஸுக்கு அவர் ஏறிப்போனது எட்ரோ அல்ல, சர் காராமெல்லோ. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் கிடைத்தது 66.444. அவர் பிரிவில் கடைசி இடம். அடுத்த சுற்று இல்லை.

ரத்தம் பற்றிய விதி கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அது இருக்க வேண்டியதன் காரணத்தை அதே பாரிஸ் ஒலிம்பிக் காட்டியது. மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின், பயிற்சி ஒன்றில் குதிரையின் கால்களில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடித்த வீடியோ வெளியானது. போட்டி தொடங்கும் முன்பே விலகினார். ஓர் ஆண்டு தடை விதிக்கப்பட்டது. குதிரைமேல் அன்பு என்று எல்லோரும் பேசும் இடம் இது. அந்த அன்பு எந்த நேரத்தில் அவசரமாகவும் ஆத்திரமாகவும் மாறுகிறது என்று கண்காணிக்க ஆள் தேவைப்படுகிறது. மிரண்டதற்கும் வலித்ததற்கும் வித்தியாசம் குதிரை வாய்விட்டுச் சொல்லாது.

கிரீனிச்சில் விஸ்பர் மிரளவில்லை. திருப்பங்கள் சீராக வந்தன. உரத்த ஆரவாரமில்லாத, பிசகு குறைந்த சவாரி. 71 வயது முதுகு சேணத்தில் ஆணி அடித்ததுபோல நேராக இருந்தது. இறுதி வணக்கத்துக்குப் பிறகு வார்கள் தளர்ந்தன. விஸ்பர் கழுத்தை நீட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே நடந்தது. பலகையில் 68.729. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹாங்காங்கில் கெட்டுப்போன காரியத்தைச் சரிசெய்துவிட்ட மதிப்பெண் அது. ஆனாலும் அடுத்த சுற்றுக்குப் போதவில்லை. அதே மைதானத்தில் தங்கத்தைத் தட்டிச்சென்றவர், அன்று 27 வயதான, இன்னும் எந்த வீடியோவிலும் சிக்காத டுஜார்டின்.

அடுத்த ஒலிம்பிக்கைப் பற்றி நிருபர்கள் ஹோகெட்சுவைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் தன் வயதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. குதிரைக்கு வயதாகிவிட்டது, இனி இன்னொன்று அமைவது கஷ்டம் என்பதே அவர் சொன்ன பதிலின் சாரம். விஸ்பருக்கு அடுத்த முறை 19 ஆகியிருக்கும்.

ஆனாலும் இன்னொரு குதிரை அமைந்தது. 2016 ரியோவுக்கு மறுபடியும் முயன்றார். தகுதிக்கான பாதி வழியில் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. அவருக்கு அப்போது 75 வயது. உடம்பு சரியில்லாமல் போனது இந்த முறையும் குதிரைக்குத்தான்.